கீசர் சுடவில்லையா, சுட்டது நிற்கவில்லையா? வாடகை வீட்டில் அறிகுறி பார்த்துப் பழுதும் செலவும் பிரிப்பது

ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் கார்த்திகை பிறந்தால் எலக்ட்ரீசியன்களின் போன் ஓயாது. கோடையில் அணைத்து வைத்த கீசரைக் குளிர் வந்ததும் போடும்போதுதான் பழுது வெளியே தெரியும். அன்று மாலைக்குள் "ஓனர் பார்க்கணுமா, நாம பார்க்கணுமா" என்ற பேச்சும் வந்துவிடும். கிருஷ்ணகிரி, தருமபுரி போர் தண்ணீரில் உப்பு அதிகம் உள்ள தெருக்களில் இது வருஷா வருஷம் நடக்கும்.

பழுதையும் செலவையும் தனித்தனியாகப் பேசுவதால்தான் சண்டை நீள்கிறது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, பராமரிப்பை இரண்டு பக்கமாகப் பிரிக்கிறது. பைப்புகளை மாற்றுவது, வீட்டின் உள்ளேயும் வெளியேயும் உள்ள ஒயரிங் ஆகியவை வீட்டுக்காரர் பக்கம். டேப், டேப் வாஷர், சுவிட்ச், சாக்கெட், சர்க்யூட் பிரேக்கர், அதோடு கீசர் ரிப்பேர் ஆகியவை குடியிருப்பவர் பக்கம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒப்பந்தம்தான் செல்லும். "வீட்டோடு வந்த கீசர், ஓனர்தான் செய்யணும்" என்று பலரும் நினைப்பதற்கு நேர்மாறாக இருக்கிறது இது. ஆகவே பழுது சுவருக்குள்ளா, பைப்பிலா, கீசர் பெட்டிக்குள்ளா என்று கண்டுபிடிப்பதே முதல் வேலை. இடம் தெரிந்தால் யார் பையிலிருந்து பணம் என்பதும் ஏறக்குறையத் தெரிந்துவிடும்.

கை வைப்பதற்கு முன்

சுவிட்சை அணைத்தால் போதாது. பழைய வீடுகளில் சுவிட்ச் நியூட்ரலில் போட்டிருப்பது சகஜம். அணைத்த பிறகும் தண்ணீரைச் சுட வைக்கும் எலிமென்டில் கரண்ட் நிற்கும். போர்டில் எம்.சி.பி.யை (சர்க்யூட் பிரேக்கரை) இறக்குங்கள், பிளக்கை உருவுங்கள், அதன்பிறகு டெஸ்டரை வைத்துப் பாருங்கள். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று மூடியைக் கழற்ற வேண்டாம். மூடியைக் கழற்றாமல் செய்யக்கூடிய சோதனைகளை யாரும் செய்யலாம். மூடிக்கு உள்ளே, அதுவும் கரண்ட் ஓடும்போது அளக்க வேண்டியதெல்லாம் எலக்ட்ரீசியன் வேலை.

பெட்டிக்குள் இருப்பது பெரிய விஷயமில்லை. 10, 15, 25 லிட்டர் கீசர்களில் பெரும்பாலும் 2,000 வாட் எலிமென்ட். 3 லிட்டர் இன்ஸ்டன்ட்டில் 3,000 வாட். கரண்ட் முதலில் தெர்மல் கட்அவுட்டுக்கும், பிறகு தெர்மோஸ்டாட்டுக்கும், கடைசியில் எலிமென்டுக்கும் போகிறது. தெர்மோஸ்டாட் வைத்த சூட்டில் அணைத்து, ஆறியதும் மறுபடி போடும். அது கைவிட்டால் சுமார் 90 டிகிரியில் கட்அவுட் விழுந்து மொத்தமாக நிறுத்திவிடும். அதற்கும் மேலே ஒரு காவல், தண்ணீர் உள்ளே வரும் பைப்பில் இருந்து, அழுத்தம் ஏறினால் தண்ணீரை வெளியே விடும் பிரஷர் வால்வு. இதோடு டேங்க் துருப்பிடிக்காமல் தன்னைத் தின்னக் கொடுக்கும் மெக்னீசியம் கம்பி ஒன்று. இதைக் கடையில் ஆனோடு என்று கேளுங்கள்.

இன்னொரு கணக்கும் கையில் இருக்கட்டும். 20 டிகிரியில் இருக்கும் 15 லிட்டர் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுபோக 0.7 யூனிட் போதும். 2,000 வாட்டில் ஏறக்குறைய 21 நிமிடம். 25 லிட்டருக்கு 35 நிமிடம். உங்கள் கீசர் இதற்கு ரொம்ப முன்னால் அணைகிறதா, ரொம்பப் பின்னாலும் அணையவில்லையா என்பதே பாதி நோயைச் சொல்லிவிடும்.

லைட்டே எரியவில்லை

அதே சாக்கெட்டில் இண்டக்ஷன் அடுப்பையோ அயர்ன் பாக்ஸையோ போட்டுப் பாருங்கள். அதுவும் வேலை செய்யவில்லை என்றால் கீசர் மேல் குற்றமில்லை. எம்.சி.பி. விழுந்திருக்கிறதா பாருங்கள், தூக்கியதும் மறுபடி விழுந்தால் மேலே தூக்கிக்கொண்டே இருக்க வேண்டாம், கீழே ட்ரிப் பகுதிக்குப் போங்கள்.

பிளக் முனை கறுத்திருக்கிறதா, சாக்கெட் ஓட்டையைச் சுற்றி பிளாஸ்டிக் உருகியிருக்கிறதா? 2,000 வாட் கீசர் 8.7 ஆம்பியர் இழுக்கும், 3,000 வாட் 13 ஆம்பியர். இது 16 ஆம்பியர் பாயிண்டில், 2,000 வாட்டுக்குக் குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரிலும், 3,000 வாட்டுக்கு 4 சதுர மில்லிமீட்டரிலும் இருப்பது நல்லது. பழைய வீட்டில் லைட் லைனிலிருந்தே ஒன்றரை ஒயர் இழுத்து கீசர் பாயிண்ட் கொடுத்திருப்பார்கள். சாக்கெட்டுக்குள் ஸ்க்ரூ தளர்ந்து கருகியிருந்தால் சாக்கெட் மட்டும் மாற்றினால் போதும். அது குடியிருப்பவர் செலவு. ஒயர் இன்சுலேஷனே ஒரு சாண் நீளத்துக்குக் காய்ந்து உதிர்ந்தால் ஒயர் சின்னது என்று அர்த்தம். அது வீட்டுக்காரர் செலவு. சாக்கெட்டைக் கழற்றும்போதே பின்பக்க ஒயரைப் போட்டோ எடுத்துவிடுங்கள். மூடிய பிறகு அதைக் காட்ட முடியாது.

லைட் எரிகிறது, தண்ணீர் பச்சையாக வருகிறது

அதிகம் கேட்கப்படுவது இதுதான், அவசரத்தில் தெர்மோஸ்டாட்டை மாற்றிப் பணத்தை விடுவதும் இதில்தான்.

முதலில் ஒரு பைசா செலவில்லாத சோதனை. கீசருக்குத் தண்ணீர் போகும் வால்வை முழுக்க மூடிவிட்டு, பாத்ரூமில் சுடுதண்ணீர் டேப்பைத் திறங்கள். சில நொடிகளில் நின்றுவிட வேண்டும். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் அந்தத் தண்ணீர் கீசர் வழியாக வரவில்லை; ஷவர் மிக்ஸரிலோ வேறு டேப்பிலோ பச்சைத் தண்ணீர் சுடுதண்ணீர் பைப்புக்குள் குறுக்கே நுழைகிறது. கீசர் தன் பாட்டுக்குச் சூடாகிக்கொண்டுதான் இருக்கும். மிக்ஸருக்குள் இருக்கும் காட்ரிட்ஜை மாற்றினால் தீரும்.

அது இல்லை என்றால் லைட்டைப் பாருங்கள். இரண்டு லைட் உள்ள மாடல்களில் ஒன்று கரண்ட் வருகிறது என்பதற்கு, மற்றொன்று சூடாகிறது என்பதற்கு. தண்ணீர் பச்சையாக இருந்தும் சூடாகும் லைட் எரியவில்லை என்றால் கட்அவுட் விழுந்திருக்கிறது அல்லது தெர்மோஸ்டாட் போயிருக்கிறது. சூடாகும் லைட்டும் எரிகிறது, அரை மணி ஆகியும் தண்ணீர் சுடவில்லை என்றால் எலிமென்ட் அறுந்திருக்கும், இல்லை எலிமென்ட் முனையில் ஒயர் கருகிக் கழன்றிருக்கும். லைட் எலிமென்டின் இரண்டு முனைக்கும் குறுக்கே இருப்பதால், எலிமென்ட் செத்தாலும் லைட் ஜம்மென்று எரியும். "லைட் எரியுது, எலிமென்ட் நல்லாத்தான் இருக்கு" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

உறுதி செய்வது மல்டிமீட்டர். கரண்டைத் துண்டித்து, எலிமென்டின் இரண்டு ஒயரையும் கழற்றி, முனைக்கு முனை ஓம் பாருங்கள். 2,000 வாட்டுக்கு சுமார் 26 ஓம், 3,000 வாட்டுக்கு சுமார் 18 ஓம் காட்டினால் எலிமென்ட் உயிரோடு இருக்கிறது. எதுவும் காட்டவில்லை என்றால் அறுந்துவிட்டது. தெர்மோஸ்டாட்டை உருவி எடுத்து, சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகை அதிகபட்சத்தில் வைத்து இரண்டு முனையைத் தொட்டால் பூஜ்யத்துக்கு அருகில் காட்ட வேண்டும். திருகைக் குறைத்து, கம்பியை மட்டும் ஒரு டம்ளர் கொதிக்கும் தண்ணீரில் விட்டால் "டிக்" என்று சத்தம் வந்து இணைப்பு விட்டுப்போக வேண்டும். தலைப்பகுதி நனையக் கூடாது. இரண்டில் ஒன்று நடக்கவில்லை என்றால் தெர்மோஸ்டாட் காலி.

வெதுவெதுப்புக்கு மேல் ஏறவில்லை

திருகு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், வீடு மாறும்போது கை பட்டுத் திரும்பியிருக்கும்.

மின்னழுத்தம் அடுத்தது. 230 வோல்ட்டுக்குப் பதில் 180 வந்தால் எலிமென்டின் சூடு 61 சதவீதமாக விழுந்துவிடும். 21 நிமிட வேலை 34 நிமிடம் ஆகும். ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது, டியூப்லைட் சிமிட்டுகிறது என்றால் கீசரைக் கழற்றவே வேண்டாம். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் புகார் பதிவு செய்யுங்கள். இது வீட்டுக்காரர் பிரச்சினையும் இல்லை, உங்கள் பிரச்சினையும் இல்லை.

பெயின்ட் அடிக்கவோ டைல்ஸ் ஒட்டவோ கீசரைக் கழற்றி மாட்டிய பிறகு இப்படி ஆனதென்றால் பைப்பை மாற்றிப் போட்டிருப்பார்கள். நீல வளையம் தண்ணீர் உள்ளே போவது, சிவப்பு வெளியே வருவது. செங்குத்து டேங்கில் சுடுதண்ணீர் மேலிருந்து எடுக்கப்படும். மாற்றி மாட்டினால் அடியிலுள்ள பச்சைத் தண்ணீர்தான் முதலில் வரும், ஒரு வாளிகூட ஒழுங்காகச் சுடாது. கழற்றி மாட்டச் சொன்னவர் யாரோ அவர்தான் சரி செய்து தர வேண்டும்.

இவை எதுவும் இல்லை, சூடேறவே நேரம் எடுக்கிறது, கூடவே கெட்டில் போல "கொர்ர்" என்று சத்தமும் வருகிறது என்றால் எலிமென்ட் மேல் உப்புப் படிந்துவிட்டது.

உப்பைப் பற்றிக் கொஞ்சம்

கடினத் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, சூடு ஏற ஏற எலிமென்ட் மேல் வெள்ளை ஓடாகப் படியும். 60 டிகிரிக்கு மேல் போனால் படிவது வேகமாகும். ஓடு தடித்ததும் எலிமென்டின் சூடு தண்ணீருக்குப் போக வழியில்லாமல் உள்ளேயே தேங்கும், உறை வெடிக்கும். பக்கத்திலேயே தெர்மோஸ்டாட் கம்பி இருக்கும் குழாயும் ஓடு கட்டிக்கொள்ளும். அப்புறம் அது தண்ணீரின் சூட்டைச் சரியாக உணராது.

இந்த மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு இருப்பதால் "ஃபுளோரைடு தண்ணி கீசரை அரிச்சுடும்" என்று சொல்வதுண்டு. கீசரைக் கெடுப்பது கடினத்தன்மை; ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்கும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் ஆவியாகி இன்னும் செறிவாகும். கீசர் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்காதீர்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும் வீடுகளில் உப்புப் படிவது குறைவு. ஆனால் பல வீடுகளில் அதுவும் போர் தண்ணீரும் ஒரே தொட்டியில் கலக்கின்றன. மாடித் தொட்டியில் எது ஏறுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

போர் தண்ணீர் மட்டும் என்றால் வருஷம் ஒருமுறை எலிமென்டைக் கழற்றிச் சுத்தம் செய்வது நல்லது. மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 முதல் 100 கிராம் கரைத்து, எலிமென்டை ஒரு மணி நேரம் ஊற வையுங்கள். மின்முனைகள் மேலே இருக்கட்டும். நுரை அடங்கியதும் மரக்குச்சியால் தட்டினால் ஓடு கழன்றுவிடும். ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் உறை கீறிவிடும். பாத்ரூம் கழுவும் ஆசிட் வேண்டவே வேண்டாம். உப்போடு சேர்த்துச் செம்பு உறையையும் தின்றுவிடும். டேங்கின் அடியில் மணல் போலக் கிடக்கும் உப்பையும் கையால் அள்ளி, தண்ணீர் விட்டு அலசி விடுங்கள். ஆனோடு கம்பி பென்சில் மொத்தத்துக்குக் கீழே இளைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். காஸ்கெட் (ஒழுகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) புதுசு போடுங்கள், பழையதை மறுபடி மாட்டினால் ஒழுகும்.

கொதிக்கக் கொதிக்க வருகிறது, லைட் அணையவே மாட்டேன் என்கிறது

இது மட்டும் அவசரம். தெர்மோஸ்டாட்டின் இணைப்பு முனைகள் உருகி ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எம்.சி.பி.யை உடனே இறக்குங்கள். சுடுதண்ணீர் டேப்பை உடனே திறக்க வேண்டாம், ஆவியோடு பீச்சும். இரண்டு மணி நேரம் ஆறவிட்டு, பிறகு மெல்லத் திறங்கள். புதுத் தெர்மோஸ்டாட் வரும்வரை "பத்து நிமிஷம் போட்டு அணைச்சுக்கலாம்" என்று கையால் ஓட்டுவது கூடாது. ஒருநாள் அணைக்க மறந்தால் மிச்சமிருப்பது கட்அவுட் மட்டும்தான், அது கீசருக்கு எத்தனை வயசோ அத்தனை வயசு.

கரண்ட் பில்லிலும் இது தெரியும். கீசர் சரியாக ஓடும்போது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் எலிமென்ட் எரிந்தால், இரண்டு மாதப் பில்லில் 120 யூனிட். பழக்கம் மாறாமல் பில் மட்டும் ஏறியிருந்தால் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகியுங்கள்.

பிரஷர் வால்விலிருந்து சொட்டுவதைப் பார்த்து அதே முடிவுக்கு வந்துவிட வேண்டாம். 15 லிட்டர் தண்ணீர் 20-லிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது கால் லிட்டர் அளவுக்கு விரியும். திரும்பிப் போக வழியில்லாத பைப்பில் அது வால்வு வழியே சொட்டும். சூடாகும்போது மட்டும் சொட்டினால் பரவாயில்லை. அணைத்து ஆறிய பிறகும் சொட்டினால் வால்வில் உப்பு சிக்கியிருக்கிறது, மாற்றுங்கள். டம்மி போட்டு அடைப்பது டேங்கை வெடிகுண்டாக்கும் வேலை. எந்தப் பிளம்பர் சொன்னாலும் விடாதீர்கள்.

கொஞ்ச நேரம் ஓடுகிறது, நிற்கிறது; பட்டனை அமுக்கினால் மறுபடி ஓடுகிறது

மூடிக்குள் சின்னப் பட்டன் ஒன்று வெளியே தள்ளியிருந்தால் கட்அவுட் விழுந்திருக்கிறது. ஒருமுறை அமுக்கிப் பார்க்கலாம். இரண்டாம் முறையும் விழுந்தால் காரணம் மூன்றில் ஒன்று: தெர்மோஸ்டாட் அணைக்கவில்லை, எலிமென்டில் உப்பு ஓடு, இல்லை டேங்கில் தண்ணீர் இல்லை.

மூன்றாவதுதான் சண்டையின் தாய். "நீங்க தண்ணி இல்லாம போட்டுட்டீங்க" என்று வீட்டுக்காரர் சொல்வார், "டேப்ல தண்ணி வந்துதானே போட்டோம்" என்று நீங்கள் சொல்வீர்கள். இருவருமே சரியாக இருக்க வாய்ப்பிருக்கிறது. சாதாரணமாக, தொட்டி காலியானாலும் கீசர் காலியாகாது. மேலிருந்துதானே தண்ணீர் வெளியேறுகிறது. ஆனால் தொட்டியிலிருந்து இறங்கும் ஒரே பைப்பு மாடி வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் போனால், தொட்டி வற்றிய நேரத்தில் கீழே யாராவது டேப்பைத் திறந்து, மேலே சுடுதண்ணீர் டேப்பும் திறந்திருந்தால், காற்று உள்ளே புகுந்து மாடி கீசரின் தண்ணீர் வந்த வழியே இறங்கிக் கீழ் வீட்டு வாளிக்குப் போய்விடும். இதைத் தடுப்பது கீசரின் உள்வரும் பைப்பில் இருக்க வேண்டிய நான்-ரிட்டர்ன் வால்வு. பிரஷர் வால்வோடு சேர்ந்தே வரும். அது இல்லாமல் வெறும் நிப்பிளில் கீசரை மாட்டியிருந்தால் எலிமென்ட் எரிந்ததில் பைப் வேலைக்கும் பங்கு உண்டு, அந்தப் பங்கு வீட்டுக்காரருடையது. கீசரின் கீழே நின்று நிமிர்ந்து பார்த்தாலே வால்வு இருக்கிறதா இல்லையா என்று தெரியும்.

போட்டதும் ட்ரிப் ஆகிறது, டேப்பில் சுரீர் என்கிறது

சுரீர் என்று ஒருமுறை பட்டாலும் கீசரை நிறுத்துங்கள். ஈரக் கையை டேப்பில் வைத்துச் சோதிப்பதெல்லாம் சோதனை இல்லை.

ட்ரிப் ஆவது எம்.சி.பி.யா, கரண்ட் கசிந்தால் விழும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்சா என்று பாருங்கள். எம்.சி.பி. விழுந்தால் ஷார்ட் அல்லது லோடு அதிகம். ஆர்.சி.சி.பி. விழுந்தால் கரண்ட் தண்ணீருக்கோ பெட்டிக்கோ கசிகிறது. பெரும்பாலும் எலிமென்ட் உறையில் மயிரிழை வெடிப்பு. போட்ட நொடியில் விழாமல் ஐந்து பத்து நிமிடம் சூடான பிறகு விழுவது இந்த வெடிப்புக்கே உரிய குணம். சூட்டில் உறை விரிந்து தண்ணீர் உள்ளே நுழைகிறது. எலிமென்டின் முனைக்கும் டேங்கின் இரும்புக்கும் நடுவே மல்டிமீட்டர் எதுவும் காட்டக் கூடாது. காட்டினால் எலிமென்டை மாற்ற வேண்டியதுதான். மல்டிமீட்டரில் தப்பித்தாலும் இன்சுலேஷனைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கரில் மாட்டிக்கொள்ளும், நல்ல எலக்ட்ரீசியன் அதைக் கொண்டுவருவார்.

ஆர்.சி.சி.பி.யே இல்லாத வீட்டில் இதே வெடிப்பு ட்ரிப் ஆகாமல் டேப்பில் ஷாக்காக வரும். எர்த் சரியாக இருந்தால் வராது. எலக்ட்ரீசியனை சாக்கெட்டில் லைனுக்கும் எர்த்துக்கும் அளக்கச் சொல்லுங்கள்: லைனுக்கும் நியூட்ரலுக்கும் வரும் அதே அளவு வர வேண்டும். மிகக் குறைவாகவோ ஊசலாடிக்கொண்டோ இருந்தால் எர்த் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. எலிமென்ட் உங்கள் செலவு, எர்த் வீட்டுக்காரர் செலவு. இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும். எர்த் சரி செய்யாமல் எலிமென்டை மட்டும் மாற்றிவிட்டுக் குளிக்கப் போகாதீர்கள்.

தெர்மோஸ்டாட் மாற்றும் முறை

கம்பி வகைத் தெர்மோஸ்டாட் தண்ணீர் படாத காய்ந்த குழாய்க்குள் சொருகியிருக்கும். ஆகவே டேங்கைக் காலி செய்ய வேண்டியதில்லை. எலிமென்ட் மாற்றினால்தான் காலி செய்ய வேண்டும்.

கரண்டைத் துண்டித்து டெஸ்டரில் உறுதி செய்யுங்கள். அடிமூடியின் ஸ்க்ரூக்களை எடுங்கள். ஒயர்கள் எந்த முனையில் என்று நெருக்கத்தில் ஒரு போட்டோ எடுங்கள். ஒயர்களைக் கழற்றி, திருகை எடுத்து, தெர்மோஸ்டாட்டை நேராகக் கீழே உருவுங்கள். குழாய்க்குள் ஈரம் இருந்தாலோ துரு கலந்து சொட்டினாலோ அதோடு நிறுத்துங்கள். குழாய் ஓட்டை, எலிமென்ட் செட்டையே மாற்ற வேண்டும், புதுத் தெர்மோஸ்டாட் ஒரு வாரம்கூடத் தாங்காது.

பழையதைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள். கம்பியின் நீளம், முனைகளின் எண்ணிக்கை, ஆம்பியர், கட்அவுட் அதனுடனே சேர்ந்ததா தனியா என்ற நான்கும் பொருந்த வேண்டும். கம்பி குட்டையாக இருந்தால் சூட்டை மேலே உணராது, தண்ணீர் அளவுக்கு மீறிச் சுடும். 3,000 வாட் கீசருக்கு 16 ஆம்பியருக்குக் குறைந்ததை வாங்க வேண்டாம். மாட்டும்போது முனைகளை இறுக்கமாக நெருக்குங்கள். லூசான முனைதான் அடுத்த பழுது. கருகிய ஒயர் முனையை வெட்டி எறிந்து புது லக் (ஒயர் முனையில் நெருக்கும் உலோகத் துண்டு) போடுங்கள். முதலில் சுடுதண்ணீர் டேப்பில் தண்ணீர் நிற்காமல் வருகிறதா பார்த்துவிட்டு, 55 டிகிரியில் வைத்துப் போடுங்கள். லைட் தானாக அணைந்து, பத்து லிட்டர் எடுத்ததும் மறுபடி எரிந்தால் வேலை முடிந்தது.

மாடியில் சோலார் இருக்கும் வீடு

ஓசூர் பக்கம் நிறைய உண்டு. மேகம் மூடிய நாட்களுக்கு அதற்குள்ளும் 2,000 வாட் எலிமென்டும் தெர்மோஸ்டாட்டும் இருக்கும். 200 லிட்டரை 20-லிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர 9 யூனிட்டுக்கு மேல் ஆகும், நாலரை மணி நேரம் எரியும். அந்த பேக்கப் யார் மீட்டரில் ஓடுகிறது என்று குடிவரும் அன்றே பாருங்கள். நான்கு குடித்தனத்துக்கு ஒரு சோலார், பேக்கப் சுவிட்ச் ஒருவர் வீட்டில் என்று இருந்தால், தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்ட மாதம் அந்த ஒருவர் பில்லில்தான் இடி விழும்.

கழற்றிய பாகம் சொல்லும் சாட்சி

பழைய பாகத்தை எலக்ட்ரீசியன் கையில் கொடுத்துவிடாதீர்கள். எலிமென்ட் மேல் விரல் மொத்தத்துக்கு வெள்ளை ஓடு, ஓரிடத்தில் மட்டும் வெடிப்பு என்றால் வருஷக்கணக்கான உப்பு. நீங்கள் குடிவந்து நான்கு மாதம்தான் என்றால் அந்த ஓடு முன்பு இருந்தவர் காலத்தது. உப்பு அதிகமில்லாமல் உறை நீலமும் கறுப்புமாக நிறம் மாறி, நீளமாகப் பிளந்திருந்தால் தண்ணீர் இல்லாமல் எரிந்தது. முனை மட்டும் கருகியிருந்தால் லூசான இணைப்பு. தெர்மோஸ்டாட் முனை ஒட்டிக்கொள்வது தேய்மானம், அதில் யாருடைய தப்பும் இல்லை.

டேங்கே ஓட்டையானால் அதை ஒட்டுவதற்கில்லை, கீசர் புதுசுதான். அட்டவணை குடியிருப்பவருக்குச் சொல்வது ரிப்பேரை. இயல்பான தேய்மானத்துக்குக் குடியிருப்பவர் பொறுப்பில்லை என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. எட்டு வருஷத்துக் கீசர் துருப்பிடித்ததற்குப் புதுக் கீசர் விலையை அட்வான்ஸில் பிடிப்பது நியாயமில்லை என்று இந்த இடத்தில் உறுதியாக நிற்கலாம். அதற்கு முன் வாரண்டி இருக்கிறதா என்று கேளுங்கள். டேங்குக்கு மட்டும் தனியாகப் பல வருஷ வாரண்டி தரும் கம்பெனிகள் உண்டு. பில் வீட்டுக்காரரிடம்தான் இருக்கும். வாரண்டி காலத்தில் வெளியாள் மூடியைத் திறந்தால் அது செல்லாமல் போகலாம்.

தகவல் சொல்வதை வாயால் மட்டும் சொல்லாமல் வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். இப்படி இருந்தால் போதும்:

"அண்ணா, வணக்கம். மாடி வீட்டு கீசர் நேத்து காலையில இருந்து சுடல. பாயிண்ட்ல கரண்ட் வருது, வேற சாமான் போட்டுப் பார்த்துட்டோம். எலக்ட்ரீசியன் தெர்மோஸ்டாட் போயிருக்குன்னு சொன்னாரு, எர்த்தும் சரியா இல்லைன்னாரு. ரெண்டுக்கும் போட்டோ அனுப்பியிருக்கேன். பழைய பாகத்தை எடுத்து வெச்சிருக்கோம். தெர்மோஸ்டாட் நாங்க மாத்திக்கறோம். எர்த் வேலைக்கு நீங்களே ஆள் அனுப்பறீங்களா, நாங்க செஞ்சி பில் அனுப்பட்டுமா? வியாழக்கிழமைக்குள்ள சொல்லுங்கண்ணா."

உங்கள் பங்கை நீங்களே முதலில் ஏற்றுக்கொள்வதால் அவர் பங்கை மறுப்பது அவருக்குக் கஷ்டம். அவர் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டால், நீங்கள் செய்து வாடகையில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் எழுத்தில் சொல்லாமல், பில் இல்லாமல் கழித்தால் அது வாடகை பாக்கியாகத்தான் எண்ணப்படும். பேச்சு முற்றினாலும் வீட்டுக்காரர் கரண்டையோ தண்ணீரையோ துண்டிக்கக் கூடாது. அதற்கும் மேல் போனால் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். எழுத்தில் ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்திருந்தால்தான் அங்கே உங்கள் பேச்சு எடுபடும். ஒரு தெர்மோஸ்டாட்டின் சில நூறு ரூபாய்க்கு அங்கே போவது வீண். எர்த் இல்லாத வீட்டில் ஷாக் அடிக்கிறது, ஓனர் அசையவில்லை என்றால் தயங்காமல் போங்கள்.

புதிதாக ஒப்பந்தம் போடுபவர்கள் இரண்டு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: "கீசரின் தெர்மோஸ்டாட், எலிமென்ட், வால்வு மாற்றும் செலவு குடியிருப்பவருடையது. டேங்க் பழுது, கீசர் மாற்றம், எர்த், கீசர் பாயிண்ட் ஒயரிங் வீட்டு உரிமையாளருடையது." கீழே கீசரின் லிட்டர், வாட், தயாரிப்பு ஆண்டு. பெட்டியின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் மூன்றும் இருக்கும், சாவி வாங்கும் அன்றே போட்டோ எடுத்து இருவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.